லைட் எரியுது, நெட் வரலை: சின்ன ஆபீஸ் நெட்வொர்க்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிவகாசியிலும் சுற்று வட்டாரத்திலும் டிசைன் ரூம், மெடிக்கல் ஷாப், ஆடிட்டர் ஆபீஸ் என்று சின்ன இடங்களுக்குக் கேபிள் இழுத்துக் கொடுப்பதும் அது படுத்தால் எழுப்புவதும் என் வேலை. எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே அமைப்புதான்: ஃபைபர் மோடம் ஒன்று, அதிலிருந்து எட்டு போர்ட் (கேபிள் சொருகும் ஓட்டை) சுவிட்ச், அதிலிருந்து ஐந்தாறு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். ஃபோனில் வரும் கேள்விகளும் ஒன்றேதான் என்பதால் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி வைக்கிறேன். ஒரு விஷயம் முதலிலேயே: இங்கே சுவிட்ச் என்றால் நெட்வொர்க் சுவிட்ச், அதாவது கம்ப்யூட்டர்களைக் கேபிளால் ஒன்றுசேர்க்கும் பெட்டி. சுவரில் இருப்பதைச் சுவிட்ச் போர்டு என்கிறேன். "சுவிட்சை ஆஃப் பண்ணுங்க" என்று சொல்லி, ஒருவர் ஃபேனை நிறுத்திவிட்டு வியர்வையோடு காத்திருந்த கதையெல்லாம் உண்டு.

1. "லைட் எரிஞ்சா கனெக்‌ஷன் இருக்கு, எரியலைன்னா இல்லை. அவ்வளவுதானே அண்ணே?"

பாதி சரி. ஒரு போர்ட்டில் லைட் எரிகிறது என்றால், கேபிளின் இரண்டு முனையிலும் உள்ள பெட்டிகள் ஒன்றையொன்று கண்டுகொண்டன என்று மட்டுமே பொருள். இதை லிங்க் என்பார்கள். கம்ப்யூட்டருக்கு ஐ.பி. முகவரி (நெட்வொர்க்கில் அதன் அடையாள எண்) கிடைத்ததா, வெளியே இன்டர்நெட் இருக்கிறதா, மாதப் பணம் கட்டியாச்சா என்பதெல்லாம் அந்த லைட்டுக்குத் தெரியாது. மினுக்கினால் தரவு போய்வருகிறது. சில பெட்டிகளில் இரண்டுக்கும் தனித்தனி லைட் இருக்கும். மலிவுப் பெட்டிகளில் ஒரே லைட் இரண்டு வேலையையும் பார்க்கும்.

மேஜைக்கடியில் இன்னொரு குட்டி சுவிட்ச் வைத்திருந்தால் கவனம். மெயின் சுவிட்சில் எரியும் லைட் அந்தக் குட்டி சுவிட்ச் வரைக்கும்தான் உத்தரவாதம். அதற்கு அப்பால் இருக்கும் கம்ப்யூட்டரைப் பற்றி அது எதுவுமே சொல்லாது.

2. "எல்லாம் பச்சையா இருக்கு, ஒண்ணு மட்டும் ஆரஞ்சு. அது ரிப்பேரா?"

நிறத்துக்குப் பொதுவான விதி எதுவும் கிடையாது. ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வைக்கிறது. பல சுவிட்சுகளில் பச்சை என்றால் வேகம் 1000 எம்.பி.பி.எஸ். (விநாடிக்கு இத்தனை மெகாபிட்), ஆரஞ்சு என்றால் 100 அல்லது 10. சிலவற்றில் இது தலைகீழ். பெட்டியின் முகப்பிலேயே பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள், ஃபோன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள்.

ஆரஞ்சு எரிவது பழைய பிரிண்டரோ வருகைப் பதிவு மெஷினோ என்றால் விட்டுவிடுங்கள். அவற்றில் பலவற்றுக்கு 100-க்கு மேல் போகவே தெரியாது. புதுக் கம்ப்யூட்டர் ஆரஞ்சில் நின்றால்தான் யோசிக்க வேண்டும். கேபிளில் நான்கு ஜோடி, ஆக எட்டுக் கம்பி இருக்கிறது. 100-க்கு இரண்டு ஜோடி போதும். 1000-க்கு நான்கும் வேண்டும். ஒரு கம்பி சரியாகப் பிடிக்காவிட்டாலும் பல நேரம் இரு பெட்டிகளும் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிக்கொள்ளும். 200 எம்.பி.பி.எஸ். பிளான் போட்டும் ஸ்பீட் டெஸ்டில் எப்போதும் 94, 95-லேயே நிற்கிறது என்றால், நெட் கம்பெனிக்காரரைத் திட்டுவதற்கு முன்னால் இந்த ஆரஞ்சு லைட்டைப் பாருங்கள்.

டிசைன் ரூமில் இது வயிற்றில் அடிக்கிற விஷயம். ஒரு ஜி.பி. காலண்டர் டிசைன் ஃபைலைச் சர்வரிலிருந்து எடுக்க 1000-ல் பத்து விநாடி போதும். 100-ல் ஒன்றரை நிமிடம்.

3. "ராத்திரி யாருமே வேலை பாக்கலை. ஆனா லைட் மினுக் மினுக்குனு அடிக்குது. ஹேக் பண்றாங்களோ?"

இல்லை. கருவிகள் சும்மா இருக்கும்போதும் "நீ யார், இந்த முகவரி யாருடையது" என்று ஒன்றையொன்று விசாரித்துக்கொண்டே இருக்கும். பிரிண்டர் "நான் இங்கே இருக்கேன்" என்று அவ்வப்போது அறிவிக்கும். விண்டோஸ் அப்டேட்டும் ராத்திரியில் ஓடலாம். சோம்பலான மினுக்கல் ஆரோக்கியமானது. எல்லா லைட்டும் சேர்ந்து வெறிபிடித்தமாதிரி அடித்தால் அது வேறு கதை; கேள்வி 9-க்குப் போங்கள்.

4. "கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணிட்டேன், பின்னாடி லைட் எரிஞ்சுக்கிட்டே இருக்கே?"

வலை வழியாகக் கம்ப்யூட்டரை எழுப்பும் வசதிக்காக, ஆஃப் ஆன பிறகும் அந்தப் போர்ட்டுக்குக் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். கவலை வேண்டாம். ஆஃப் ஆனதும் சுவிட்சில் பச்சை ஆரஞ்சாக மாறினாலும் சரிதான், மின்சாரம் மிச்சம் பிடிக்க வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது.

5. "ஒரு சிஸ்டத்துக்கு மட்டும் லைட்டே வரலை. எங்கேருந்து பாக்கணும்?"

எது தப்பு என்று ஊகிக்க வேண்டாம், மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும். முதலில் சுவிட்சில் அந்தக் கேபிளைப் பிடுங்கி, நன்றாக வேலை செய்யும் வேறு போர்ட்டில் சொருகுங்கள். லைட் வந்தால் பழைய போர்ட் போய்விட்டது. வராவிட்டால், வேலை செய்யும் ஒரு கம்ப்யூட்டரை (லேப்டாப் என்றால் வசதி) இந்தக் கேபிளின் மறுமுனையில் சொருகுங்கள். அதற்கு லைட் வந்தால் கேபிள் நல்லது, குற்றவாளி கம்ப்யூட்டர். அதற்கும் வராவிட்டால் கேபிள்தான். சுவரில் பாக்ஸ் இருந்தால் சுவருக்கு இந்தப் பக்கம் உள்ள குட்டை வயரை முதலில் மாற்றுங்கள். நாற்காலிச் சக்கரம் ஏறி நசுங்குவது அதுதான்.

கேபிள் என்று தெரிந்ததும் தலையைப் பாருங்கள். ஆர்.ஜே.45 கனெக்டரின் பிளாஸ்டிக் நாக்கு உடைந்திருந்தால் 'டிக்' சத்தம் வராது. தொட்டால் லைட் வரும், விட்டால் போகும். செல்லோடேப் ஒட்டிச் சமாளிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தலையை வெட்டிப் புதுசு அடிக்க ஐந்து நிமிடம் போதும். அடுத்த சந்தேகம் எலி. ஃபால்ஸ் சீலிங்குக்குள் போகும் கேபிளில் மூன்றில் ஒரு ரிப்பேர் எலி புண்ணியம் என்பது என் அனுபவக் கணக்கு.

கம்ப்யூட்டர்தான் என்று முடிவானால், நெட்வொர்க் அடாப்டரை யாராவது 'டிசேபிள்' செய்திருக்கிறார்களா என்று பாருங்கள். நிஜமாகவே போர்ட் எரிந்திருந்தாலும் பயப்படாதீர்கள், யூ.எஸ்.பி.யில் சொருகும் லேன் அடாப்டர் ஒன்று வாங்கினால் அன்றைக்கு வேலை ஓடிவிடும்.

6. "மோடத்துல சிவப்பு லைட் அடிக்குது. ரீஸ்டார்ட் பண்ணியும் போகலை."

லாஸ் (LOS) என்று எழுதியிருக்கும் லைட்தானே? ஃபைபரில் வெளிச்சம் வரவில்லை என்று பொருள். உங்கள் சுவிட்சுக்கும் கேபிளுக்கும் இதில் சம்பந்தமே இல்லை. நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுதான்: மோடத்துக்கு வரும் மெல்லிய ஃபைபர் வயர் மடங்கியிருக்கிறதா, கதவிடுக்கில் நசுங்குகிறதா என்று பார்ப்பது. கூர்மையாக மடங்கினாலே வெளிச்சம் கசிந்துவிடும். அது சரியாக இருந்தால் நெட் கம்பெனிக்குப் புகார் கொடுத்துவிட வேண்டியதுதான். ஊரில் பள்ளம் தோண்டினார்களா என்றும் விசாரியுங்கள்.

ஃபைபர் தலையைக் கழற்றிக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்காதீர்கள். அதில் வரும் வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாத வகை, ஆனால் லேசர். பச்சைத் தலையையும் நீலத் தலையையும் மாற்றிச் சொருகவும் கூடாது. அவற்றின் முனைகள் வெவ்வேறு கோணத்தில் தேய்க்கப்பட்டவை.

லாஸ் எரியாமல், பான் (PON) என்ற லைட் மட்டும் மினுக்கிக்கொண்டே இருந்தால் வெளிச்சம் வருகிறது, ஆனால் நெட் கம்பெனி பக்கத்துப் பெட்டி உங்கள் மோடத்தைச் சேர்த்துக்கொள்ளவில்லை. வெளிச்சம் பலவீனமாக வந்தாலும் இப்படி ஆகும். லைன்மேன் மீட்டர் வைத்துப் பார்க்கும்போது எட்டிப் பாருங்கள்: வெளிச்சத்தின் பலம் டி.பி.எம். (dBm) கணக்கில் மைனஸ் 20-ஐ ஒட்டி இருந்தால் நிம்மதி, மைனஸ் 27-ஐத் தாண்டினால் தகராறு.

7. "எல்லா லைட்டும் சரியா எரியுது. ஆனா நெட் வரலையே!"

அதிகம் வரும் ஃபோன் இதுதான். கேள்வி 1-ல் சொன்னபடி லைட்டின் வேலை முடிந்துவிட்டது. இனி முகவரியைப் பார்க்க வேண்டும். விண்டோஸில் செட்டிங்ஸ், நெட்வொர்க், ஈதர்நெட் என்று போனால் ஐ.பி.வி.4 முகவரி தெரியும். 192.168 என்று தொடங்கினால் பெரும்பாலும் நல்ல சேதி. 169.254 என்று தொடங்கினால், கம்ப்யூட்டர் முகவரி கேட்டுக் கத்திப் பார்த்து, யாரும் தராததால் தனக்குத் தானே ஒன்று வைத்துக்கொண்டது.

அந்த 169.254 எல்லாக் கம்ப்யூட்டரிலும் இருந்தால் முகவரி கொடுக்கும் ரவுட்டர் (பெரும்பாலும் மோடத்துக்குள்ளேயே இருக்கும்) தூங்கிவிட்டது, அல்லது அதிலிருந்து சுவிட்சுக்கு வரும் ஒரே கேபிள் போய்விட்டது. ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் என்றால் அதன் கேபிளைக் கேள்வி 5-ன்படி சோதியுங்கள். லைட் எரிந்தாலும் கேபிள் அரைகுறையாக இருக்கலாம்.

முகவரி சரி என்றால் படிப்படியாகப் பிங் (ஒரு முகவரிக்குச் சின்னச் செய்தி அனுப்பி, பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) அடியுங்கள். முதலில் ரவுட்டரின் முகவரி. விண்டோஸ் அதை 'டீஃபால்ட் கேட்வே' என்று காட்டும். பதில் வராவிட்டால் பிரச்சினை ஆபீசுக்குள். வந்தால் அடுத்து 8.8.8.8, வெளியே இருக்கும் கூகுளின் முகவரி. அது வராவிட்டால் பிரச்சினை மோடத்திலோ வெளியிலோ. அதுவும் வந்து, வெப்சைட் மட்டும் திறக்கவில்லை என்றால் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டி.என்.எஸ். சரியில்லை. டி.என்.எஸ். முகவரியை 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று மாற்றிப் பாருங்கள், பெரும்பாலும் உடனே வந்துவிடும்.

8. "டெஸ்டர்ல ஒண்ணுலேருந்து எட்டு வரைக்கும் வரிசையா எரியுது. ஆனா 100-க்கு மேல போகமாட்டேங்குது. டெஸ்டர் பொய்யா?"

கேபிளைச் சோதிக்கும் டெஸ்டர் பொய் சொல்லவில்லை. இந்த முனையின் மூன்றாவது கம்பி அந்த முனையின் மூன்றாவதுக்குப் போகிறதா என்பதை மட்டும்தான் அது பார்க்கிறது. எது எதோடு முறுக்கப்பட்டிருக்கிறது என்று அதற்குத் தெரியாது. சிக்கல் அங்கேதான்.

புதுசாகத் தலை அடிக்கும் பையன்கள் கண்ணுக்கு அழகாக ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பழுப்பு ஜோடி என்று வரிசையாக வைத்து இரு முனையிலும் அதேபோல அடித்துவிடுவார்கள். டெஸ்டர் பாஸ். ஆனால் போர்ட், மூன்றாவது கம்பியையும் ஆறாவது கம்பியையும் ஒரு ஜோடியாக நினைக்கிறது. இவர்கள் வரிசையில் மூன்றாவது பச்சை ஜோடியில் ஒன்று, ஆறாவது நீல ஜோடியில் ஒன்று. முறுக்கின் பலனே போய், ஒரு ஜோடியின் சத்தம் இன்னொன்றில் கேட்கும். சரியான வரிசை (கோடு என்றால் அந்த நிறக் கோடு போட்ட வெள்ளைக் கம்பி): ஆரஞ்சுக் கோடு, ஆரஞ்சு, பச்சைக் கோடு, நீலம், நீலக் கோடு, பச்சை, பழுப்புக் கோடு, பழுப்பு. பச்சை ஜோடிக்கு நடுவே நீலம் உட்கார்ந்திருப்பதைக் கவனியுங்கள்.

வரிசை சரியாக இருந்தும் வராவிட்டால் மூன்று விஷயம். தலைக்கருகே முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரித்திருக்கலாம். மொத்த நீளம் 100 மீட்டரைத் தாண்டியிருக்கலாம். அல்லது கேபிளே செம்பு பூசிய அலுமினியமாக இருக்கலாம். கம்பியின் நுனியைக் கத்தியால் சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும். பாதி விலைக்கு வாங்கியவர்கள் இரண்டு முறை இழுத்ததை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

9. "எல்லா லைட்டும் ஒண்ணா பேய் மாதிரி அடிக்குது. மொத்த ஆபீஸும் நின்னுபோச்சு!"

சுவிட்சுக்குக் கரண்டை நிறுத்தாதீர்கள், அந்த லைட்தான் தடயம். ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்குங்கள். ஏதோ ஒன்றைப் பிடுங்கியதும் எல்லாம் சட்டென்று அமைதியாகும். அந்தக் கேபிளைத் தொடர்ந்து போங்கள். பெரும்பாலும் அதன் இரண்டு முனையும் ஒரே சுவிட்சில் இருக்கும், அல்லது இரண்டு சுவிட்சுக்கு நடுவே இரண்டு கேபிள் போயிருக்கும்.

எல்லாருக்குமான செய்தி ஒன்று வந்தால் சுவிட்ச் அதை மற்ற எல்லாப் போர்ட்டுக்கும் அனுப்பும். வளையம் இருந்தால் அதே செய்தி சுற்றி வந்து மறுபடி நுழையும், மறுபடி எல்லாப் போர்ட்டுக்கும் போகும். அந்தச் செய்திக்குக் காலாவதி என்று ஒன்று கிடையாது, அதனால் நிற்காது. இந்த வளையத்தைத் தானே கண்டுபிடித்து அடைக்கும் முறையை ரேடியா பெர்ல்மன் என்ற அம்மையார் 1985-லேயே உருவாக்கிவிட்டார். நம் கடைகளில் இருக்கும் மலிவுப் பெட்டிகளில் பெரும்பாலும் அது இல்லை, அவ்வளவுதான்.

ஒரு ஆபீசில் ஆயுத பூஜைக்குக் கூட்டித் துடைத்த அம்மா, தரையில் ஒரு வயர் சும்மா கிடக்கிறதே என்று காலியாக இருந்த ஓட்டையில் அக்கறையாகச் சொருகிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை எட்டுப் பேர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மாவைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. தரையில் தொங்கும் வயரை விட்டுவைத்தது நான்தான்.

10. "போர்ட் பத்தலைன்னு பழைய ரவுட்டரை சுவிட்சா போட்டேன். பாதிப் பேருக்கு நெட் வருது, பாதிப் பேருக்கு வரலை."

பழைய ரவுட்டரும் முகவரி கொடுக்கத் தொடங்கிவிட்டது. முந்திக்கொண்டு பதில் சொல்கிறவர் முகவரியை அந்தக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும். மோடத்திடம் வாங்கியவர்களுக்கு நெட் வரும். பழைய ரவுட்டரிடம் வாங்கியவர்கள் வாசலே இல்லாத வீட்டுக்குள் நிற்பார்கள். கேள்வி 7-ல் சொன்ன கேட்வே முகவரியை இரண்டு கம்ப்யூட்டரில் ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும்.

பழைய ரவுட்டரில் டி.எச்.சி.பி.யை (முகவரி கொடுக்கும் வேலையை) நிறுத்துங்கள், அதன் சொந்த முகவரியை மோடத்தோடு மோதாதபடி மாற்றுங்கள், மோடத்திலிருந்து வரும் கேபிளை லேன் (LAN) ஓட்டையில் சொருகுங்கள். வேறு நிறத்தில் இருக்கும் வேன் (WAN) ஓட்டையில் வேண்டாம். இல்லாவிட்டால் ஒரு புது சுவிட்ச் வாங்கிவிடுங்கள். நான் எப்போதும் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

11. "பிரிண்டர்ல லைட் எரியுது, ஆனா கம்ப்யூட்டர்ல ஆஃப்லைன்னு காட்டுது. நேத்து நல்லா இருந்துச்சு."

ராத்திரி கரண்ட் போய் வந்திருக்கும். ரவுட்டர் பிரிண்டருக்கு இன்று வேறு முகவரி கொடுத்துவிட்டது. கம்ப்யூட்டர் நேற்றைய முகவரியில் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது. ரவுட்டர் செட்டிங்கில் பிரிண்டருக்கென ஒரு முகவரியை ஒதுக்கிவிட்டால் இனி மாறாது. சிலர் பிரிண்டரிலேயே நிலையான முகவரி போடுவார்கள். அதுவும் சரி, ஆனால் ரவுட்டர் பங்கிட்டுக் கொடுக்கும் எண்களுக்கு வெளியே போட வேண்டும். இல்லையேல் அதே எண்ணை ரவுட்டர் யாராவது ஒருவர் ஃபோனுக்குக் கொடுத்துவிடும், இரண்டும் மாறி மாறி அறுந்து அறுந்து வரும்.

12. "மோடம் மாத்திட்டுப் போனாங்க. நெட் சூப்பரா வருது, டேலி மட்டும் சர்வரைக் காணோம்கிறது."

இரண்டில் ஒன்று. பழைய மோடம் 192.168.1 வரிசையில் முகவரி கொடுத்தது, புதியது 192.168.0 வரிசையில் கொடுக்கிறது, சர்வருக்கு மட்டும் நிலையான பழைய முகவரி இருக்கிறது என்றால் சர்வர் தனித்தீவாகிவிடும். புது மோடத்தின் வரிசையைப் பழையபடி மாற்றுவதே சுருக்கு வழி.

முகவரியெல்லாம் ஒரே வரிசை என்றால் விண்டோஸைப் பாருங்கள். புது மோடத்தைக் கண்டதும் அது புது இடத்துக்கு வந்துவிட்டதாக நினைத்து நெட்வொர்க்கைப் 'பப்ளிக்' என்று வைத்துக்கொள்ளும்; பஸ் ஸ்டாண்டில் நிற்கிற மாதிரி மற்றக் கம்ப்யூட்டர்களுக்குக் கதவைச் சாத்திவிடும். சர்வர் கம்ப்யூட்டரில் அதைப் 'பிரைவேட்' என்று மாற்றுங்கள். எந்த லைட்டும் இதைக் காட்டாது.

13. "மத்தியானம் ஆனா சுவிட்ச் லைட் எல்லாம் ஒரு தடவை அணைஞ்சு அணைஞ்சு வருது."

அடாப்டர். சுவிட்சைவிட அதன் அடாப்டர்தான் முதலில் சாகும். உள்ளே உள்ள கெப்பாசிட்டர் வெயிலில் காய்ந்து, லைட்டை எரிக்கும் அளவுக்கு மட்டும் கரண்ட் தரும். வேலை கூடினால் தாங்காது. தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாத சூடு இருந்தால் மாற்றுங்கள். சுவிட்சின் அடியில் போட்டிருக்கும் அதே வோல்ட் இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ கூடவோ இருக்கலாம். முனை பொருந்துகிறது என்பதற்காக 5 வோல்ட் பெட்டியில் 12 வோல்ட் அடாப்டரைச் சொருகினால் புகைதான் வரும்.

14. "இடி இடிச்சதுலேருந்து ரெண்டு போர்ட்ல லைட் வரலை. மத்தது ஓகே. அப்படியே ஓட்டலாமா?"

ஐப்பசியில் வாரம் இரண்டு இந்த ஃபோன் வரும். ஓட்டலாம், ஆனால் நான் ஓட்ட மாட்டேன். ஒரே சிப் பல போர்ட்டைப் பார்த்துக்கொள்கிறது. இரண்டு போர்ட்டை அடித்த அதிர்ச்சி மற்றதையும் தடவிவிட்டுப் போயிருக்கலாம். அந்தப் போர்ட்டில் இருந்த கம்ப்யூட்டரையும் கேள்வி 5-ன்படி சோதியுங்கள்.

எது வழியாக வந்தது என்று பார்த்தால் பெரும்பாலும் வெளியே போகும் கேபிள்தான்: மாடிக் கேமரா, எதிர்க் கட்டிடத்துக் குடோன். கட்டிடம் விட்டுக் கட்டிடம் போகும் இடத்தில் செம்புக் கேபிளுக்குப் பதிலாக ஃபைபர் இழுத்து, இரு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரைச் செம்புக் கேபிளோடு இணைக்கும் பெட்டி) வையுங்கள். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது.

15. "லைட் பச்சை, பிங் போகுது, எல்லாம் சரி. ஆனா பெரிய ஃபைல் காப்பி பண்ணா பாதியில நின்னு நின்னு போகுது."

இதுதான் எனக்கே தண்ணி காட்டுகிற கேள்வி. சாதாரணப் பிங் சின்னப் பொட்டலம். ஓட்டைச் சாக்கிலும் நாலு நெல்மணி தப்பிவிடும். ஆயிரம் பைட்டுக்கு மேல் வைத்து நூறு பிங் அடித்து, எத்தனை தொலைகிறது என்று பாருங்கள். ஒன்றிரண்டு தொலைந்தாலே கேபிளைச் சந்தேகியுங்கள்: கேள்வி 8-ன் ஜோடிக் குழப்பம், அல்லது கரண்ட் வயரோடு ஒரே பைப்பில் போகும் கேபிள். மோட்டாரோ ஏ.சி.யோ ஓடும்போது மட்டும் இப்படி ஆனால் பின்னதுதான். அதைப் பிரித்து ஓர் அடியாவது தள்ளிப் போடுங்கள். வேகத்துக்காக மட்டும் சொல்லவில்லை, ஒரே பைப்பில் கரண்ட் வயரின் உறை உரிந்தால் ஆளுக்கே ஆபத்து.

கேபிள் நல்லது என்றால், யாரோ ஒருவர் அடாப்டர் செட்டிங்கில் வேகத்தை '100 ஃபுல் டூப்ளெக்ஸ்' என்று கட்டி வைத்திருக்கிறாரா பாருங்கள். ஒரு பக்கம் கட்டி வைத்து மறுபக்கம் 'ஆட்டோ'வில் இருந்தால், மறுபக்கம் பாதி டூப்ளெக்ஸுக்கு (ஒரு நேரத்தில் அனுப்புவது, வாங்குவது இரண்டில் ஒன்றுதான்) போய்விடும். ஒருவர் பேசிக்கொண்டே கேட்பார், இன்னொருவர் பேசும்போது காதைப் பொத்திக்கொள்வார். லைட் அழகாக எரியும். இரண்டையும் ஆட்டோவுக்கு மாற்றுங்கள்.

16. "ஃபோன்ல உங்ககிட்ட சொல்லணும்னா என்ன சொல்லணும் அண்ணே?"

"நெட் வரலை" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒருவருக்கா எல்லாருக்குமா, நேற்றிலிருந்து இன்றைக்குள் எது மாறியது (புது மெஷின், பெயின்ட் அடித்தது, கரண்ட் போனது, எதுவாக இருந்தாலும்), அந்தக் கம்ப்யூட்டரின் ஐ.பி. முகவரி என்ன, இந்த மூன்றும் போதும். கூடவே மோடத்தையும் சுவிட்சையும் சேர்த்துப் பத்து விநாடி வீடியோ எடுத்து வாட்ஸப்பில் போடுங்கள். ஃபோட்டோ வேண்டாம், மினுக்கும் லைட் ஃபோட்டோவில் அணைந்த லைட்டாக விழுந்துவிடும், நான் அதை நம்பித் தப்பான கேபிளைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பேன்.